வித்தும் விளைநிலமும்

'நூலைப் போல் சேலை, தாயைப் போல் பிள்ளை' என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது அதே மக்கள் அதே வாயால் வழங்கும் மற்றொரு பழமொழி. முன்னது குழந்தையின் குணத்தைப் பிறப்போடு பிணைக்கின்றது. பின்னது வளர்ப்போடு பிணைக்கின்றது. பேரன் முரண்டு பிடிக்கும்போது பாட்டி முதற்பழமொழியைச் சொல்லி மருமகளை நோக்குவதும், அதே பேரன் பள்ளியில் சண்டையிட்டு நிற்கும்போது ஆசிரியர் இரண்டாம் பழமொழியைச் சொல்லிப் பெற்றோரை நோக்குவதும் யாவரும் கண்ட காட்சிகளே. இரண்டு பழமொழிகளும் ஒருங்கே உண்மையாதல் கூடுமா என்று பாட்டியும் கேட்பதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை.

மேலைநாட்டு அறிஞர்கள் அவ்வினாவைக் கேட்டனர். கேட்டதோடு நில்லாமல், இரண்டில் ஒன்றே உண்மையாதல் வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அவ்வழக்கில் விலை கொடுத்தவர்கள் அறிஞர்கள் அல்லர்; குழந்தைகளும் அவர்தம் தாய்மாருமே ஆவர். ஆதலின் அவ்வரலாறு ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோரும் மேற்கொள்ளவிருப்போரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

இயல்பு, வளர்ப்பு என்னும் இரண்டு சொற்களையும் கல்வி பற்றிய எழுத்தில் முதன்முதல் இணைத்து வழங்கியவர்களுள் ஒருவர் ஒரு தலைமையாசிரியர் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. இலண்டன் மாநகரில் 1561ஆம் ஆண்டில் தோன்றிய மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் முதல் தலைமையாசிரியராக விளங்கிய ரிச்சர்டு மல்காஸ்டர், 1581, 1582ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தம் கல்வி நூல்களில் இவ்விரண்டையும் பகைவராகக் காட்டவில்லை. ஒரே வண்டியை இழுக்கும் இரு காளைகளாகவே கருதினார். இயல்பு பிள்ளையை ஒரு திசையில் நாட்டங்கொள்ளச் செய்யும். வளர்ப்பு அத்திசையில் நடத்திச் செல்லும் என்பது அவர் கொள்கை. நாள்தோறும் வகுப்பறையில் பிள்ளைகளோடு உழன்ற ஒருவருக்கு இவற்றைப் பிரித்துப் பகையாக்கத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை.

பகையாக்கியவர் மூன்று நூற்றாண்டுகள் கழித்து வந்தார். அவரே டார்வினின் நெருங்கிய உறவினரும், பெருஞ்செல்வரும், புள்ளியியல், வானிலையியல், கைரேகை ஆய்வு முதலிய பல துறைகளில் முத்திரை பதித்தவருமான பிரான்சிஸ் கால்டன். நீதிபதிகள், அமைச்சர்கள், படைத்தலைவர்கள், அறிவியலார் ஆகிய பெருமக்களின் குடிவழிகளைத் தொகுத்து ஆராய்ந்து, அறிவாற்றல் குருதி வழியே இறங்குவது என்று 1869ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். நீதிபதியின் மகன் நீதிபதியாவதற்கு அவன் பயின்ற பள்ளியும், அவன் தந்தையின் நண்பர்களும், வீட்டு நூலகமும் எவ்வளவு துணைநின்றன என்பதை அவர் உரிய அளவில் எடைபோடவில்லை. 1874ஆம் ஆண்டு நூலில் 'இயல்பு, வளர்ப்பு' என்னும் சொல்லிணையைத் தம் ஆய்வின் கொடியாக உயர்த்தினார். மறு ஆண்டில் இரட்டையர் வரலாறுகளைத் திரட்டி, ஒரே நாட்டில் ஒத்த தகுதியுடைய குடும்பங்களில் வளர்வோரிடையே இயல்பே பெரிதும் வெல்லும் என்று தீர்ப்பளித்தார். இரட்டையரை ஆய்வுக்குக் கருவியாக்கியது அவருடைய கூர்த்த மதிக்குச் சான்று. அக்கருவி இன்றளவும் பயன்படுகின்றது. ஆனால் 1883இல் அவர் பெயரிட்டு வளர்த்த இனமேம்பாட்டியல் என்னும் கொள்கை, அவரே எண்ணிப் பாராத இடங்களுக்குச் சென்று சேர்ந்தது.

அவ்விடங்களுள் ஒன்று அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலம். அங்கு 1906ஆம் ஆண்டில் பிறந்த கேரி பக் என்னும் பெண், இளமையிலேயே தாயைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் வாழ்ந்தாள். ஆறாம் வகுப்புவரை பள்ளிக்குச் சென்றாள். நடத்தையிலும் பாடத்திலும் நன்று என்றே ஆசிரியர் அவளைப் பற்றிக் குறித்திருந்தார். பின்னர் அவள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டு வேலைகளில் ஈடுபடுத்தப்பட்டாள். பதினேழு வயதில் அவ்வீட்டாரின் உறவினன் ஒருவனால் கெடுக்கப்பட்டுக் கருவுற்றதாக அவளே பிற்காலத்தில் கூறினாள். அவள் உற்ற கேட்டுக்குக் கிடைத்த மருந்து விந்தையானது. அறிவுக் குறையுடையவள் என்று முத்திரை குத்தப்பட்டு, அவளுடைய தாய் எம்மா ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்த அதே காப்பகத்தில் அவளும் சேர்க்கப்பட்டாள். அவள் ஈன்ற பெண் குழந்தை விவியன், கேரி வளர்ந்த வீட்டிலேயே வளர்ந்தது.

அறிவுக் குறையுடையோர் எனக் கருதப்படுவோர்க்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று வர்ஜீனியா 1924ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டம் செல்லுமா என்று சோதித்துப் பார்ப்பதற்குக் கேரி தேர்ந்தெடுக்கப்பட்டாள். மூன்று தலைமுறைக் குறைபாட்டை நிலைநாட்டினால் வழக்கு வலுப்பெறும் அல்லவா? பாட்டி இருந்தாள், தாய் இருந்தாள், குழந்தை மட்டும் தேவைப்பட்டது. சில மாதக் குழந்தையாக இருந்த விவியனைப் பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர், அக்குழந்தையிடம் ஏதோ இயல்பல்லாத தோற்றம் இருப்பதாக நீதிமன்றத்தில் உரைத்தார். இன்னதென்று அவரால் விளக்க இயலவில்லை. அதுவே சான்றாயிற்று. 1927ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர், சட்ட அறிவில் தலைசிறந்தவர் எனப் போற்றப்பட்ட ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். மூன்று தலைமுறை போதும் என்னும் பொருள்பட அவர் எழுதிய சொற்கள் அந்நீதிமன்ற வரலாற்றில் அழியாக் கறையாக நிற்கின்றன. அவ்வாண்டு அக்டோபரில் கேரிக்கு அறுவை செய்யப்பட்டது.

விவியன் பள்ளிக்குச் சென்றாள். இரண்டாண்டுகள் படித்தாள். அவளுடைய மதிப்பெண் பதிவுகள் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலும் நடுத்தர மாணவி. கணிதம் சற்றே கடினமாயிருந்தது. நன்னடத்தைக்கு உயர்ந்த மதிப்பெண். 1931ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றிருந்தது. மறு ஆண்டு, தன் எட்டாம் வயதில், நோயுற்று இறந்தாள். எந்தக் குழந்தையின் முகத்தில் மூன்றாம் தலைமுறைக் குறைபாட்டைக் கற்றறிந்த பெரியவர்கள் கண்டார்களோ, அந்தக் குழந்தையிடம் ஒரு சாதாரணத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் நல்ல மாணவியைக் கண்டார். கற்றறிந்தோர் கண்டது கொள்கையை. ஆசிரியர் கண்டது பிள்ளையை.

அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களால் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு ஆளாயினர். 1933இல் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி இயற்றிய சட்டத்தால் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் ஆளாயினர். தீர்ப்பின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவன்று, 2002 மே 2ஆம் நாள், வர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கோரினார். கேரி 1983லேயே மறைந்துவிட்டார்.

எதிரணியின் கதை இதனினும் இனிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். ஜான் பிராடஸ் வாட்சன் என்னும் அமெரிக்க உளவியலார் 1913ஆம் ஆண்டில் நடத்தைக் கொள்கையை முழங்கினார். 1920இல் ரோசலி ரேனர் என்பவருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில், வெள்ளெலியைக் கண்டு சிறிதும் அஞ்சாத ஒரு கைக்குழந்தையின் பின்னே இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்து, எலியைக் கண்டாலே அலறும்படி அக்குழந்தையைப் பழக்கினார். அச்சத்தைப் புகட்டியவர் அதனைப் போக்காமலே விட்டுவிட்டார் என்பது அவ்வாய்வின் மீது இன்றுவரை சுமத்தப்படும் குற்றச்சாட்டு. நலமான பன்னிரண்டு குழந்தைகளைத் தம்மிடம் ஒப்படைத்தால், அவர்தம் குலமும் திறமும் எதுவாயினும், விரும்பிய வண்ணம் மருத்துவராகவோ திருடராகவோ ஆக்கிக் காட்ட இயலும் என்று பின்னர் அறைகூவினார். தாம் சான்றுகளுக்கு அப்பால் செல்வதாக அவரே அவ்விடத்தில் ஒப்புக்கொண்டதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எதிரணியினர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அவ்வாறே செய்து வருகின்றனர் என்பது அவர் சொன்ன சமாதானம்.

1928ஆம் ஆண்டில் அவர் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் பெருவாரியாக விற்பனையாயிற்று. குழந்தையைக் கட்டி அணைக்கலாகாது, மடியில் அமர்த்தலாகாது; காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது அந்நூலின் அறிவுரை. தாலாட்டிலும் தோளிலும் பிள்ளை வளர்த்த சமுதாயம் இதைக் கேட்டால் நகைக்கும். ஆனால் அந்நாளில் அமெரிக்கத் தாய்மார் பலர், அழும் குழந்தையை எடுக்கத் துடித்த கைகளைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நின்றனர். போதிய அறிவின்றி அந்நூலை எழுதிவிட்டதாக வாட்சனே பின்னாளில் வருந்தினார்.

வளர்ப்பே அனைத்தும் எனின், குழந்தையிடம் குறை காணும்போது குற்றவாளி யார்? வளர்த்தவள். இந்தத் தருக்கத்தின் கொடிய விளைவை ஆட்டிசம் என்னும் மதியிறுக்க நிலையின் வரலாற்றில் காணலாம். லியோ கேனர் என்னும் குழந்தை மனநோய் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அவர்கள் பிறவியிலேயே இந்நிலையுடன் வந்தவர்கள் என்றே முடித்தார். எனினும் பெற்றோரிடம் அன்பின் வெம்மை குறைந்திருந்ததாகவும் குறிப்பிட்டிருந்தார். அச்சிறு பொறியைப் பற்றிக்கொண்டு, தாயின் உள்ளம் உறைந்து கிடப்பதாலேயே பிள்ளை உறைந்து போகின்றது என்னும் கருத்து பரவிற்று. கேனரும் சில காலம் அப்பக்கம் சாய்ந்தார். புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அக்கருத்தை ஊரறியச் செய்தது. பேசாத பிள்ளையைப் பேச வைக்க அல்லும் பகலும் பாடுபட்ட தாய்மார், பிள்ளையின் நோய்க்குத் தாங்களே நோய் என்று மருத்துவரின் வாயாலேயே கேட்டனர்.

அதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் அத்தகைய பிள்ளை ஒன்றின் தந்தை. பெர்னார்டு ரிம்லண்டு என்னும் அவ்வுளவியலார் 1964ஆம் ஆண்டில் எழுதிய நூலில், பெற்றோர் மீது சாட்டப்பட்ட பழிக்குச் சான்று ஏதுமில்லை என்று காட்டினார். 1969ஆம் ஆண்டில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கேனர் எழுந்து அவர்களைக் குற்றத்தினின்று விடுவிப்பதாக அறிவித்தார். குற்றம் செய்யாதவர்களை விடுவிக்கவும் ஒருவர் தேவைப்பட்டார் என்பதே அந்தக் காலத்தின் அவலம். சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் இருபத்தோரு இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1977இல் முடிவு வெளியிட்டனர். ஒரு கரு இரட்டையர் பதினொரு இணைகளில் நான்கில் இருவரும் ஆட்டிசம் உடையோராக இருந்தனர்; இரு கரு இரட்டையர் பத்து இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை. கால்டன் கண்ட கருவி இம்முறை தாய்மாருக்குத் துணைநின்றது.

இரண்டு அணிகளும் மாறி மாறி மோதிக்கொண்டிருந்த காலத்திலேயே, நியூயார்க் நகரில் ஒரு கணவனும் மனைவியும் அமைதியாக ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தனர். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் ஆகிய அவ்விருவரும் மனநோய் மருத்துவர்கள். நல்ல தாய்க்குத் தொல்லை மிக்க பிள்ளையும், பொறுப்பற்ற பெற்றோர்க்கு நல்ல பிள்ளையும் வாய்ப்பதைத் தம் தொழிலில் அவர்கள் அடிக்கடி கண்டனர். தாயைக் குறைகூறும் அந்நாளைய வழக்கம் அவர்களுக்கு மனநிறைவு தரவில்லை. ஆதலின் 1956ஆம் ஆண்டு முதல் 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தனர். பால் குடிப்பது, உறங்குவது, குளிக்கும்போது அழுவது, புதிய உணவைத் துப்புவது ஆகிய அன்றாடச் செயல்களைப் பற்றியே பெற்றோரிடம் கேட்டனர். பிள்ளை நல்லதா என்று கேட்கவில்லை. நேற்று என்ன செய்தது என்று கேட்டனர். நல்ல ஆசிரியர் பெற்றோரிடம் கேட்கும் முறையும் இதுவன்றோ?

பிறந்த சில திங்களிலேயே குழந்தைகள் தம்முள் வேறுபடுவதை அவர்கள் கண்டனர். ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் எளிதில் பழகும் இயல்பினர். பத்து விழுக்காட்டினர் கடினமானோர். பசியும் உறக்கமும் ஒழுங்கின்றி வரும், புதியது எதனையும் உதறுவர், மகிழ்ச்சியாயினும் சினமாயினும் வீடே அதிரும். பதினைந்து விழுக்காட்டினர் மெல்ல மெல்லப் பழகுவோர். எஞ்சியோர் எவ்வகையிலும் அடங்காதோர். வகைகளை விட அவர்கள் கண்ட மற்றோர் உண்மையே பெரிது. குழந்தையின் இயல்பு மட்டும் பின்னாளைய தொல்லையை முடிவு செய்யவில்லை. பெற்றோரின் முறை மட்டும் முடிவு செய்யவில்லை. இரண்டுக்கும் உள்ள பொருத்தமே முடிவு செய்தது.

அவர்கள் கார்ல் என்று பெயரிட்டு எழுதிய சிறுவனின் கதை இதற்கு ஏற்ற சான்று. கைக்குழந்தையில் அவனைப் போல் கடினமானோர் அவ்வாய்வில் அரியர். முதற் குளியலுக்கு அலறினான்; ஒவ்வொரு புதிய உணவுக்கும் அலறினான். ஆனால் அவன் தந்தையோ மகனின் உரத்த அழுகையில் வீரத்தைக் கண்டு மகிழ்ந்தார். சில நாள் பொறுத்தால் அவனே பழகிக்கொள்வான் என்று பெற்றோர் அறிந்து பொறுத்தனர். ஒரே நேரத்தில் பல புதுமைகளை அவன்மீது திணிக்கவில்லை. அவன் தொல்லையின்றி வளர்ந்தான். பல்கலைக்கழகம் புகுந்து, புதிய ஊர், புதிய பாடங்கள், புதிய நட்புகள் யாவும் ஒன்றாகச் சூழ்ந்தபோதுதான் தடுமாறி டாக்டர் செஸ்ஸைத் தேடி வந்தான். அவனுடைய இயல்பை அவனுக்கே எடுத்துரைத்த ஓர் உரையாடல் போதுமானதாக இருந்தது. சுமைகளைக் குறைத்துக்கொண்டு படிப்பைத் தொடர்ந்தான். பிறவி இயல்பு மாறவில்லை. அதனோடு வாழும் வழி மாறிற்று.

கடினமான குழந்தை என்னும் சொல்லும் இடத்துக்கு இடம் பொருள் மாறுவது என்பதை ஆப்பிரிக்காவின் மசாய் மக்களிடையே ஆய்வு செய்த மார்ட்டின் டி விரீஸ் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை காட்டிற்று. கடும் வறட்சிக் காலத்தில் கென்யாவில் இருந்த அவர், மிக எளிய இயல்புடைய பத்துக் குழந்தைகளையும் மிகக் கடின இயல்புடைய பத்துக் குழந்தைகளையும் தாய்மாரின் சொற்களைக் கொண்டு குறித்து வைத்தார். சில மாதங்கள் கழித்து அவர்களைத் தேடியபோது பதின்மூன்று குடும்பங்களே அகப்பட்டன. எளிய குழந்தைகள் எழுவரில் ஐவர் இறந்துவிட்டனர். கடினமான குழந்தைகள் அறுவரில் ஒருவரே இறந்திருந்தார். எண்ணிக்கை சிறிது; அதன்மேல் பெரிய மாளிகை கட்டுவதற்கில்லை. ஆயினும் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அறிந்த மக்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. நியூயார்க்கில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படும் இயல்பு, வறண்ட நிலத்தில் உயிர் காத்தது.

மரபணுவும் பராமரிப்பும் எவ்வாறு கைகோக்கின்றன என்பதை ஐயத்துக்கிடமின்றி முதலில் மெய்ப்பித்தது உளவியல் அன்று, மருத்துவம். நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். இரண்டும் பிறந்தபோது நலமாக இருந்து பின்னர் அறிவு மங்கி வந்தன. மருத்துவர் பலரும் கைவிரித்த பின்னும் அத்தாய் ஓயவில்லை. 1934ஆம் ஆண்டில் அஸ்பியோர்ன் போலிங் என்னும் மருத்துவர், அக்குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடு கலந்து பார்த்தபோது அது எதிர்பாராத வகையில் பச்சை நிறம் கொண்டது. உணவிலுள்ள பினைல்அலனின் என்னும் புரதக் கூற்றை அக்குழந்தைகளின் உடல் பயன்படுத்த இயலாமல், அது தேங்கி மூளையைக் கெடுத்து வந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குறையுற்ற மரபணு இரண்டும் வந்து சேர்ந்தாலன்றி இந்நோய் தோன்றாது. பிறப்பே காரணம் என்போர்க்கு இதனினும் சிறந்த சான்று கிட்டாது என்று தோன்றும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல் என்னும் இளம் மருத்துவரை மற்றொரு தாய் காலைதோறும் மறித்து நின்றாள். நோயின் பெயரைச் சொன்னால் போதாது, மருந்து சொல் என்பதே அவள் கேட்டது. அவளுடைய இரண்டு வயது மகளால் நிற்கவும் நடக்கவும் இயலவில்லை. ஓயாமல் அழுது தலையை மோதிக்கொண்டிருந்தாள். பிக்கலும் உடன் பணியாற்றியோரும் பினைல்அலனினைப் பெரும்பாலும் நீக்கிய உணவொன்றை அரும்பாடுபட்டு ஆக்கித் தந்தனர். சில திங்களில் குழந்தை தலையை மோதுவதை விட்டது, தவழ்ந்தது, கண்ணில் ஒளி வந்தது. மாற்றம் உணவால் நேர்ந்ததுதானா என்று உறுதி செய்ய, தாய்க்குத் தெரிவிக்காமல் நீக்கிய பொருளை மீண்டும் கலந்தனர். குழந்தை விரைவிலேயே பழைய நிலைக்குச் சரிந்தது. இன்று இச்செயலை எவரும் ஒப்பார். 1953இல் அவர்கள் வெளியிட்ட முடிவும், 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி கண்ட எளிய இரத்தச் சோதனையும் சேர்ந்து, பிறந்த சில நாளிலேயே நோயைக் கண்டு உணவால் காக்கும் முறையைப் பல நாடுகளில் ஏற்படுத்தின. அந்தப் பர்மிங்ஹாம் குழந்தைக்கு அது காலங்கடந்து வந்தது. பின்னர்ப் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் பள்ளி சென்றனர். மரபணு அதே மரபணு. தட்டில் வைத்த உணவு வேறு.

நடத்தை இவ்வளவு எளிதன்று. சினத்துக்கு ஒரு மரபணு, நாணத்துக்கு ஒரு மரபணு என்று தேடியோர் பலர். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1037 குழந்தைகளை மூன்று வயது முதல் தொடர்ந்து கவனித்து வரும் புகழ்பெற்ற ஆய்வில், அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொபிட் ஆகியோர் 2002ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் குறைவாக ஆக்கும் மரபணு வடிவத்தை உடைய ஆண் பிள்ளைகளுள், கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவர்களே பிற்காலத்தில் வன்செயல்களில் மிகுதியாக ஈடுபட்டனர். அன்போடு வளர்ந்தவர்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. செய்தித்தாள்கள் இதனைக் கொண்டாடின. பின்வந்த ஆய்வுகளுள் சில இதனை உறுதி செய்தன, சில செய்யவில்லை. இத்தகைய தனி மரபணு முடிவுகள் பலவும் பேரளவு ஆய்வுகளில் நிலைக்காமற் போயின. இயல்பை அமைப்பவை ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள். ஒவ்வொன்றின் பங்கும் தூசளவே என்பது இன்றைய நிலை.

2015ஆம் ஆண்டில் ஐம்பதாண்டு இரட்டையர் ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்துப் பார்த்தபோது, மனிதப் பண்புகளில் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு சராசரியாக 49 விழுக்காடு எனத் தெரிந்தது. இவ்வெண்ணைத் தவறாகப் படிப்போர் மிகப் பலர். ஒரு பிள்ளையின் பிடிவாதத்தில் பாதி தந்தையுடையது, பாதி வளர்ப்பினுடையது என்பதன்று இதன் பொருள். ஒரு மக்கள் தொகுதியில் ஒருவர்க்கொருவர் உள்ள வேற்றுமை பற்றியதே அவ்வெண். வெந்த சோற்றைக் காட்டி இதில் எத்தனை விழுக்காடு அரிசி, எத்தனை விழுக்காடு நெருப்பு என்று எவரும் கேட்பதில்லை.

பெற்றோரே பிள்ளையை ஆக்குகின்றனர் என்று கொள்வதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ரிச்சர்டு பெல் 1968ஆம் ஆண்டில் எழுப்பிய ஐயம் அது. கடுமையாக அடிக்கும் பெற்றோரின் பிள்ளை முரடாக இருப்பின், அடியால் முரடாயிற்றா, முரட்டுத்தனம் அடியை வரவழைத்ததா? தத்துப் பிள்ளைகளைக் கொண்டு இதனைச் சோதிக்க முடிந்தது. தத்தெடுத்தோர்க்கும் பிள்ளைக்கும் மரபணு உறவு இல்லை. எனினும், பெற்ற தாயின் வழியே முரட்டியல்புக்குச் சார்புடைய பிள்ளைகள், வளர்ப்புப் பெற்றோரிடமிருந்து மிகுதியான கடிந்துரையைப் பெற்றனர் என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆய்வொன்று 1998இல் காட்டிற்று. கடிந்துரை மிகுந்த வீட்டில் முரட்டுத்தனமும் மிகுந்தது. அதன் ஒரு பகுதிக்கே பிறப்பு காரணமாயிற்று. பிள்ளை பெற்றோரை வளர்க்கின்றது. பெற்றோர் பிள்ளையை வளர்க்கின்றனர். வகுப்பறையிலும் இவ்வாறே நிகழ்வதை மாணவர்களால் குரல் உயர்ந்துபோன ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார்.

ஐஸ்லாந்து நாட்டில் 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு முடிச்சை இன்னும் இறுக்கிற்று. ஒவ்வொரு பெற்றோரும் தம் மரபணுக்களில் பாதியையே பிள்ளைக்குத் தருகின்றனர். தராமல் விட்ட பாதிக்கும் பிள்ளையின் கல்விக்கும் தொடர்பு இருத்தலாகாது. ஆனால் இருந்தது. தந்த பாதியின் விளைவில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு அளவுக்கு, தராத பாதியும் பிள்ளை பயின்ற கல்வியின் அளவோடு தொடர்பு கொண்டிருந்தது. காரணம், அம்மரபணுக்கள் பெற்றோரின் இயல்பை அமைத்து, அவ்வியல்பு வீட்டை அமைத்து, அவ்வீட்டில் பிள்ளை வளர்ந்தது. தாயைப் போல் பிள்ளை என்னும் பழமொழிக்குள்ளேயே தொட்டிலும் அடங்கியிருந்தது என்று கூறலாம்.

தாமஸின் பணிகளுள் ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு சிறு கட்டுரை உண்டு. கார்டன் என்பவருடன் இணைந்து 1967ஆம் ஆண்டில் அவர் அதனை வெளியிட்டார். பாலர் பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களை, புதிய செயலில் பாய்ந்து இறங்குவோர், உடன் செல்வோர், ஓரத்தில் நின்று பார்ப்போர், ஒதுங்கி நிற்போர் என வகுத்தனர். பின்னர் ஒவ்வொருவருடைய அறிவுத் திறனையும் தாமே மதிப்பிட்டனர். பாய்ந்து இறங்கிய பிள்ளைகளை அறிவில் உயர்ந்தோர் என்றும், ஓரத்தில் நின்ற பிள்ளைகளை அறிவில் தாழ்ந்தோர் என்றும் கருதினர். அதே பிள்ளைகளுக்கு அறிவுத் தேர்வு நடத்தப்பட்டபோது கிடைத்த முடிவுகள், ஆசிரியர்களின் மதிப்பீட்டோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை.